நாவலில் நினைவும் மாறும் நகரமும்: ஏக்கத்தைத் தாண்டிப் படிப்பது எப்படி?

தெருவிளக்கு (கேள்வி)

வணக்கம். ஒரு சிற்றிதழுக்கு 4,000 சொல் அளவில் கட்டுரை எழுத வேண்டும். மாறிக்கொண்டே இருக்கும் நகரத்தை இலக்கியம் எப்படி நினைவில் வைக்கிறது என்பது பொருள். எடுத்துக்கொண்ட நூல்கள் மூன்று: சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966), ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' (1922), இதாலோ கால்வினோவின் 'புலப்படாத நகரங்கள்' (1972).

இந்தத் தலைப்பில் கிடைக்கிற கட்டுரைகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே பாட்டுதான். முன்பு இங்கே இது இருந்தது, இப்போது இல்லை, ஆசிரியர் ஏங்குகிறார். மூன்று நூலுக்கும், மூன்று நாட்டுக்கும் ஒரே தீர்ப்பு எப்படிப் பொருந்தும்?

கேட்க விரும்புவது இவை. பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எதைக் கவனிப்பது, எதைக் குறித்துக்கொள்வது? பழைய வரைபடம், பழைய முகவரிப் புத்தகம் எல்லாம் எந்த அளவுக்கு உதவும்? எதுவும் இழந்ததாகவே சொல்லாத நாவலை இந்தத் தலைப்பில் சேர்க்கலாமா? 'யுலிசிஸ்' அப்படித்தான் தெரிகிறது. கோட்பாடு எவ்வளவு போதும்?

---

வினைமுற்று

கட்டடத்தை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பாருங்கள். அங்கிருந்து தொடங்கினால் ஏக்கம் தானாகவே தன் இடத்துக்குப் போய்விடும்.

இல்லாமல் போன இடத்தைப் பேசுவதற்குத் தமிழில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. முன்பு வழக்கமாக நடந்ததை எதிர்கால வடிவத்தில் சொல்வோம். உதாரணத்துக்கு நானே ஒரு பத்தி கட்டுகிறேன்: "சாயங்காலம் ஆனால் நாலு பேர் அந்தப் படிக்கட்டில் வந்து உட்காருவார்கள். மழை பிடித்தால் மூன்றாம் படி வரைக்கும் தண்ணீர் ஏறும். விளக்குப் போடுகிறவன் வந்த பிறகுதான் எழுந்திருப்பார்கள். ஒருநாள் படிக்கட்டை உடைத்தார்கள்." முதல் மூன்று வாக்கியமும் எத்தனை முறை நடந்ததென்று கணக்கே கிடையாது. உட்காருவார்கள், ஏறும், எழுந்திருப்பார்கள் என்று முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாலாவதில் 'உடைத்தார்கள்' என்று ஒரே ஒரு இறந்தகால வினை வந்து சுற்றை அறுக்கிறது. 'ஐயோ' என்று யாரும் சொல்லவில்லை. வேலையைக் காலம் செய்துவிட்டது.

இதே பத்தியை "அங்கே ஒரு படிக்கட்டு இருந்தது. பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. எதிரே ஒரு வாசகசாலை இருந்தது" என்று எழுதிப் பாருங்கள். வீட்டைக் காலி செய்யும்போது எழுதுகிற சாமான் பட்டியல் மாதிரி ஆகிவிடுகிறது. பொருள் இருக்கிறது, பழக்கம் இல்லை. நினைவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் பழக்கத்தைத்தான்.

ஆகவே முதல் வேலை: ஒரு இடம் வருணிக்கப்படுகிற பத்தியை எடுத்து மூன்று நிறத்தில் அடிக்கோடு போடுங்கள். வழக்க வினைக்கு ஒரு நிறம் (வருவார்கள், கேட்கும்), ஒருமுறை நடந்ததற்கு ஒரு நிறம் (வெட்டினார்கள், மூடியது), 'இருந்தது' வகைக்கு மூன்றாவது. நிறம் எங்கே மாறுகிறதோ அந்த வரியில்தான் நகரம் மாறுகிறது. இடிப்பைப் பற்றி ஆசிரியர் பக்கம் பக்கமாகப் பேசுகிற இடத்தில் அது இல்லாமலும் போகலாம். நல்ல நாவல்களில் பெரும்பாலும் ஒரு துணைவாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது, நினைவு யார் வாயில் இருக்கிறது என்பது. 'புளியமரத்தின் கதை'யில் இதைத் தவறவிட்டால் எல்லாமே தவறும். ஒரு காலத்தில் மரத்தைச் சுற்றி இருந்த குளமும் அதைத் தூர்த்த கதையும் தாமோதர ஆசான் என்கிற முதியவர் சொல்லித்தான் நமக்கு வருகிறது. கேட்கிற இளவட்டங்கள் குளத்தைக் கண்டவர்கள் கிடையாது. மரத்தின் முடிவோ கதைசொல்லியின் காலத்திலேயே நடப்பது. ஒன்று கேட்ட நினைவு, இன்னொன்று கண்ட நினைவு. ஆசான் கைதேர்ந்த கதைக்காரர். உப்பும் உறைப்பும் சேர்த்துத்தான் பரிமாறுவார், அது தெரிந்தேதான் பிள்ளைகள் சுற்றி உட்காருகிறார்கள். ஆகவே குளத்தைப் பற்றிய பகுதிக்கு நாவல் தருகிற நம்பகம் வேறு, மரத்தைப் பற்றிய பகுதிக்குத் தருகிறது வேறு. இரண்டையும் கலந்து 'ஆசிரியர் ஏங்குகிறார்' என்று எழுதினால் ஆசான், கதைசொல்லி, சுந்தர ராமசாமி என்று மூன்று ஆட்களை ஒரே சட்டைக்குள் திணித்த மாதிரி.

நூலின் பாதியில் சொல்கிறவரின் இடம் மாறுகிறது. ஆசான் விலகிப் போன பிறகு வருவது நகரசபை, தேர்தல், பத்திரிகை, கடைக்காரர்களின் போட்டி. வாய்மொழி போய்ச் செய்தி வருகிறது. ஊர் மாறியதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. இந்த மாற்றத்துக்கு முன் பத்துப் பக்கம், பின் பத்துப் பக்கம் எடுத்து மேலே சொன்ன நிறப்பரிசோதனையைச் செய்தாலே கட்டுரையின் கால்பங்கு ஓடிவிடும்.

---

பழைய_வரைபடம்

வரைபடம் உதவுமா என்று கேட்டதற்கு: நூலைப் பொறுத்தது. உங்கள் மூன்றில் ஒன்றுக்கு மிக உதவும், ஒன்றுக்குக் கெடுதல், ஒன்றுக்கு வேலையே இல்லை.

வரைபடத்துக்குப் போகும் முன் ஒவ்வொரு நூலுக்கும் மூன்று ஆண்டைத் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். கதை நடக்கிற ஆண்டு, எழுதப்பட்ட ஆண்டு, வெளிவந்த ஆண்டு. 'யுலிசிஸ்' நடப்பது 1904 ஜூன் 16 அன்று, ஒரே நாளில், டப்ளினில். ஜாய்ஸ் எழுதியது 1914 முதல் 1921 வரை, ட்ரியஸ்ட், சூரிச், பாரிஸ் என்று வெளியூர்களில் இருந்துகொண்டு. வெளிவந்தது 1922, பாரிஸில். இப்போது நடுவில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1916இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த ஈஸ்டர் எழுச்சியில் பீரங்கித் தாக்குதலும் தீயும் சேர்ந்து ஸாக்வில் தெருவின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கின. தபால் தலைமையகம் எரிந்து கூடாகியது. நாவலின் பாத்திரங்கள் நடமாடுகிற நட்டநடு டப்ளின் அது. அந்தப் பக்கங்களில் கட்டடங்கள் முழுசாக நிற்கின்றன, டிராம் ஓடுகிறது, விளம்பரப் பலகைக்காரர்கள் நடக்கிறார்கள். இழப்பு பற்றி ஒரு வரி கிடையாது, இருக்கவும் முடியாது, ஏனென்றால் 1904. ஆனால் 1922இல் புத்தகத்தைப் பிரித்த டப்ளின்காரருக்கு அந்தத் தெரு எரிந்தது தெரியும்.

ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை: தாராளமாகச் சேர்க்கலாம். இழப்பு பக்கத்துக்குள் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்கு நடுவிலே இருக்கிறது. ஏங்குகிற வேலையை வாசகனிடம் விட்டுவிட்டு நாவல் முகவரியை மட்டும் சரியாக எழுதிக்கொண்டு போகிறது.

முகவரி சரியாக என்பதை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஜாய்ஸ் கையில் வைத்திருந்தது தாம்ஸ் டைரக்டரி, 1904ஆம் ஆண்டுக்கான டப்ளின் முகவரித் தொகுப்பு. நாயகன் புளூமுக்கு அவர் கொடுத்த வீடு எக்கிள்ஸ் தெரு 7. டைரக்டரியில் அது ஆளில்லாத வீடு, அதனால்தான் ஒரு கற்பனைக் குடும்பத்தைக் குடிவைக்க முடிந்தது. அந்த வீட்டு முன்கம்பியைத் தாண்டி ஒரு சாதாரண ஆள் கீழே இறங்க முடியுமா என்று 1921இல் அத்தைக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். 'திரியும் பாறைகள்' என்று அழைக்கப்படும் பத்தாவது அத்தியாயத்தை, டப்ளின் வரைபடத்தை விரித்துச் சிவப்பு மையில் வழிகளைக் குறித்து, நிமிடக் கணக்குப் போட்டு எழுதினார். அதில் 19 துண்டுகள், எல்லாம் ஏறத்தாழப் பிற்பகல் மூன்று முதல் நான்கு மணிக்குள்.

நீங்களும் சரிபார்க்கலாம். கதை நடக்கும் ஆண்டுக்கு ஐந்தாண்டுக்குள் அச்சான வரைபடம் ஒன்றை எடுங்கள். பாத்திரம் போகும் வழியை ஒரு நூலிழை வைத்து அளந்து அளவுகோலால் மீட்டராக்குங்கள். நடைவேகம் நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று வைத்தால் போதும். நாவலில் வருகிற மணியோசை, கடிகாரம், டிராம் நேரத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் அந்த நகரம் ஆவணமாக எழுதப்பட்டது. பொருந்தாவிட்டால் உடனே 'பிழை' என்று எழுதிவிடாமல், எந்த இடம் பக்கத்தில் வந்திருக்கிறது, எது தள்ளிப் போயிருக்கிறது என்று பாருங்கள். நினைவு தூரத்தைச் சுருக்குகிற இடம் அதுவாக இருக்கலாம்.

இதில் வழக்கமாகச் சறுக்குகிற இடங்களும் உண்டு. இன்றைய செயற்கைக்கோள் வரைபடத்தில் தேடினால் ஸாக்வில் தெரு கிடைக்காது, 1924 முதல் அது ஓகானல் தெரு. எக்கிள்ஸ் தெரு 7ஐத் தேடினாலும் வீடு இல்லை, இடித்தாகிவிட்டது. கதவு மட்டும் டப்ளினில் உள்ள ஜாய்ஸ் மையத்தில் இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் வெளியாகிற டைரக்டரி முந்தைய ஆண்டு திரட்டிய தகவல். அதில் கடைக்காரர் பெயர் இருக்கும், மாடியில் வாடகைக்கு இருக்கிற ஏழைக் குடும்பம் இருக்காது. டைரக்டரியை மட்டும் நம்பினால் வாடகைக் குடித்தனக்காரர்கள் இல்லாத நகரம்தான் கிடைக்கும்.

கெடுதல் என்று சொன்னது 'புளியமரத்தின் கதை'க்கு. நாவல் ஊருக்குப் பெயரே வைக்கவில்லை. எல்லோரும் நாகர்கோவில் என்று அடையாளம் காண்கிறார்கள், சரி. ஆனால் உடனே வரைபடத்தில் சந்தியைத் தேடிப் புள்ளி வைத்தால் ஆசிரியர் வேண்டுமென்றே எடுத்துவிட்ட பெயரை நீங்கள் திரும்ப ஒட்டுகிறீர்கள். அதற்குப் பதில் வெள்ளைத்தாளில் மரத்தை நடுவில் போட்டு, நாவலே சொல்கிற திசைகளை மட்டும் வைத்துச் சுற்றி வரைந்துகொண்டே வாருங்கள். அத்தியாயத்துக்கு ஒரு தாள். கடைசியில் தாள்களை அடுக்கிப் பார்த்தால் மரம் நகரவேயில்லை, அதைச் சுற்றி எல்லாம் மாறியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

ஆண்டைக் கவனிக்காததால் வருகிற பிழைக்கு ஒரு பிரபல உதாரணம் பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் 'அன்னம்' கவிதை. 1860இல் இதழில் வந்தது, 1861இல் 'தீமையின் மலர்கள்' இரண்டாம் பதிப்பில் சேர்ந்தது. பாரிஸின் புதிய கரூசல் சதுக்கத்தைக் கடக்கிறவருக்குப் பழைய இடம் ஞாபகம் வருகிறது. கூண்டிலிருந்து தப்பி வந்து உலர்ந்த கல்தரையில் சிறகை இழுத்துக்கொண்டு தண்ணீர் தேடிய ஓர் அன்னத்தை முன்பு அவர் அங்கே கண்டிருந்தார். பாரிஸைப் புதிதாகக் கட்டிய ஆட்சியர் ஓஸ்மான் பழைய நகரை இடித்ததற்கான எதிர்வினை என்று பலரும் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். ஓஸ்மான் ஆட்சியரானது 1853இல். கரூசல் பகுதியை இடிப்பது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கவிதை ஓஸ்மானின் பாரிஸில் நின்றுகொண்டு அதற்கு முந்தைய இடிப்பை நினைக்கிறது. கொத்திப் போட்ட நகரத்துக்குள் இன்னொரு கொத்திப் போட்ட நகரம். ஆண்டைச் சரிபார்த்தால்தான் இந்த அடுக்கு தெரியும்.

---

கல்லும்மண்ணும்

மேலே இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் ஏக்கத்தை இவ்வளவு அவசரமாக வெளியே அனுப்ப வேண்டாம். கேட்க வேண்டியது யாருடைய ஏக்கம், அதனால் யாருக்கு என்ன லாபம் என்பதுதான்.

நாவலில் நகரம் தானாக மாறுவதில்லை. யாரோ முடிவெடுக்கிறார்கள். 'புளியமரத்தின் கதை'யில் குளம் தூர்க்கப்படுவதற்குக் காரணம் மகாராஜா வருகையும் குளத்து நாற்றமும். காற்றாடித் தோப்பை அழித்துப் பூங்கா போடுவது அழகுக்காக. வெட்டுகிற இடத்தில் ஒருவர் கேட்கிற கேள்வி நூலைப் படித்த யாருக்கும் மறக்காது. இவ்வளவு பெரிய மரங்களை எதற்கு வெட்டுகிறார்கள்? செடி வைக்க. செடி எதற்கு? காற்றுக்கு. இதைப் படித்துவிட்டு 'இரங்கற்பா' என்று எழுத முடியுமா? சிரிப்பு வருகிறது, சிரிப்புக்குள் கத்தி இருக்கிறது. மரத்தை வைத்து ஆளுக்கொரு நியாயம் பேசுகிறார்கள். சாமி என்பார்கள், இடைஞ்சல் என்பார்கள், வாக்கு என்று பார்ப்பார்கள். பழைய கதையைக் கிளறுவது அங்கே வழக்காடுகிற உத்தி. நினைவு இந்த நாவலில் உணர்ச்சியாக வருவதைவிட ஆயுதமாக வருவது அதிகம் என்பது என் கருத்து. இடிப்பதற்கு முன்னால் நடக்கிற பேச்சுவார்த்தைப் பக்கங்களைத்தான் அதிகம் மேற்கோள் காட்ட வேண்டும், இடித்த பிறகு வருகிற பக்கங்களை அல்ல.

கால்வினோவுக்கு வருவோம். பெரும்பாலான கட்டுரைகள் அதில் அழகான வரிகளைப் பிடுங்கி மாலை கட்டுவதோடு சரி. மார்க்கோ போலோ தான் கண்ட நகரங்களைப் பேரரசர் குப்ளாய்கானுக்குச் சொல்வதாக அமைந்த நூல் அது. அமைப்பைப் பாருங்கள். 55 நகரங்கள், 11 தலைப்பு வரிசை, வரிசைக்கு ஐந்து, மொத்தம் ஒன்பது பகுதி. 'நகரங்களும் நினைவும்' என்ற வரிசைதான் முதலில் தொடங்குகிறது, முதலிலேயே முடிந்தும்விடுகிறது. நாலு முதல் பகுதியில், ஐந்தாவது இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில். மீதி நூல் முழுக்க அந்தத் தலைப்பு திரும்பி வராது. நினைவைப் பற்றிய நூல் என்று சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த ஐந்தில் கடைசி இரண்டையும் சோடியாக எடுங்கள். நான்காவது ஸோரா. ஒருமுறை பார்த்தவன் மறக்கவே முடியாத நகரம். தெருவும் கடையும் வரிசையும் மனப்பாடம் ஆகிவிடும். நினைவில் நிற்பதற்காக அது மாறாமலே இருக்க வேண்டியதாயிற்று, அதனாலேயே நலிந்து சிதைந்து மறைந்துவிட்டது, உலகம் அதை மறந்தும்விட்டது. ஐந்தாவது மௌரிலியா. வருகிற பயணிக்குப் பழைய அஞ்சலட்டைகளைக் காட்டுகிறார்கள். அவன் அஞ்சலட்டை நகரத்தைத்தான் மெச்ச வேண்டும், இல்லாவிட்டால் ஊர்க்காரர்களுக்கு மனசு கோணும். ஆனால் அந்தப் பழைய நகரம் நிஜமாக இருந்த காலத்தில் அதில் எழில் எதையும் யாரும் கண்டதில்லை. அஞ்சலட்டையில்தான் எழில் வந்தது. மாறாமல் வைத்தால் மறந்துபோகும், மாறினால் பொய்யாக நினைவுவரும். ஏக்கத்தை இதைவிட நேராகக் கேள்வி கேட்ட உரைநடை குறைவு.

ஆறாம் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். வெனிஸைப் பற்றி ஏன் பேசவில்லை என்று குப்ளாய்கான் கேட்க, எந்த நகரத்தைச் சொன்னாலும் வெனிஸைத்தான் ஏதோ ஒரு வகையில் சொல்கிறேன் என்கிறார் மார்க்கோ போலோ. சொல்லில் பிடித்துவிட்டால் நினைவின் சித்திரம் அழிந்துபோகும் என்று அவருக்குப் பயம். நினைவைப் பாதுகாக்கத்தான் இலக்கியம் என்கிற பொதுவாக்குக்கு நேர் எதிர்.

சும்மா ஒரு உபகதை: நினைவையும் நகரத்தின் அழிவையும் முடிச்சுப் போட்டது நவீன காலத்தார் என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். 'மணிமேகலை'யில் புகாரைக் கடல் கொள்வதற்குக் காரணமே அரசன் இந்திர விழாவை மறந்தது. மகனைத் தொலைத்த துயரில் விழாவை விட்டான், நகரம் போயிற்று.

---

தெருவிளக்கு

மூன்று பேருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். 'யுலிசிஸ்', கால்வினோ இரண்டையும் மொழிபெயர்ப்பில்தான் மேற்கோள் காட்டப்போகிறேன். அங்கே வினைமுற்றுச் சோதனை எடுபடுமா? அடுத்தது, ஒரே இடத்தைப் பல ஆண்டு தொடர்ந்து எழுதிய நூல் ஏதாவது ஒப்பிடக் கிடைக்குமா? கோட்பாட்டில், குழு நினைவைப் பற்றி எழுதிய பிரெஞ்சுச் சமூகவியலாளர் ஆல்ப்வாக்ஸ் போதுமா?

---

வினைமுற்று

மொழிபெயர்ப்பில் வினைமுற்றுச் சோதனையை நம்பாதீர்கள். வழக்க வினையா ஒருமுறை வினையா என்பதை மொழிபெயர்ப்பாளர் தன் செவிக்கேற்ப முடிவு செய்திருப்பார். அங்கே வரிசையைப் பாருங்கள்: ஒரு இடத்துக்குள் நுழையும் பாத்திரம் எதை முதலில் காண்கிறது, எது இல்லாததை எப்போது உணர்கிறது? பழைய பெயரைச் சொல்வது யார், புதுப் பெயரைச் சொல்வது யார்? வழி கேட்டால் இல்லாத கட்டடத்தை அடையாளமாகச் சொல்கிறார்களா? இவை எந்த மொழிக்குப் போனாலும் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும்.

---

பழைய_வரைபடம்

தொடர்ந்து எழுதிய நூலுக்குப் பிரெஞ்சு எழுத்தாளர் ழார்ழ் பெரெக்கைப் படியுங்கள். 1969இல் அவர் ஒரு திட்டம் போட்டார். பாரிஸில் தன் வாழ்வோடு தொடர்புள்ள 12 இடங்கள். ஒவ்வொரு மாதமும் இரண்டு எழுத்து. ஒன்று, ஓர் இடத்துக்கே போய் உட்கார்ந்து கண்ணில் படுவதை மட்டும், முடிந்தவரை நிறம் பூசாமல். இன்னொன்று, வேறோர் இடத்தைப் பற்றி அங்கே போகாமல் நினைவிலிருந்து. எழுதியதை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்துவிடுவது, திரும்பப் படிப்பதில்லை. எந்த மாதம் எந்த இடம் என்பதை ஒரு கணிதச் சதுரம் தீர்மானிக்கும், அதனால் 12 ஆண்டில் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு மாதத்திலும் இரண்டு வகையிலும் எழுதப்பட்டிருக்கும். மொத்தம் 288. 1975இல் கைவிட்டார். எழுதியவரைக்கும் 2022இல் 'இடங்கள்' என்ற தலைப்பில் பிரெஞ்சில் வெளிவந்தது.

உங்களுக்கு வேண்டியது அதில் விலேன் தெரு. பெரெக்கின் சிறுவயதுத் தெரு. தாய் அங்கே முடிதிருத்தும் கடை வைத்திருந்தார், 1943இல் ஆஷ்விட்ஸ் நாஜி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். பெரெக் தெருவுக்குப் போய் எழுதியது வீட்டு எண் வரிசை: இது மூடிக் கிடக்கிறது, இதன் ஜன்னலில் செங்கல் வைத்து அடைத்திருக்கிறது, இது இடிந்துவிட்டது. 24ஆம் எண் வரும்போது தான் வாழ்ந்த வீடு என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்கிறார். சுவரில் பெண்களுக்கு முடிதிருத்தும் இடம் என்கிற எழுத்து இன்னும் தெரிகிறது என்று குறிப்பு. அம்மா என்று ஒரு புலம்பல் இல்லை. அடுத்தடுத்த ஆண்டுக் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எண்கள் ஒவ்வொன்றாக உதிர்வது தெரியும். இன்று அந்தத் தெருவின் பெரும்பகுதி பெல்வில் பூங்காவுக்குள் போய்விட்டது.

ஒரு எச்சரிக்கை. 1974 அக்டோபரில் பாரிஸின் சான் சுல்பீஸ் சதுக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்து பேருந்தையும் புறாவையும் எழுதினாரே, அது வேறு நூல். இரண்டையும் கலக்கிறவர்கள் நிறைய. அதில் நினைவுக்கு இடம் மிகக் குறைவு.

---

கல்லும்மண்ணும்

ஆல்ப்வாக்ஸ் போதும், அவரையும் அடக்கமாக. 1925இல் வந்த நூலில் நினைவு தனிமனிதனுக்குள் மட்டும் இருப்பதில்லை, குழு தருகிற சட்டகத்துக்குள்தான் நிற்கிறது என்றார். இடத்துக்கும் குழு நினைவுக்கும் உள்ள உறவைப் பேசும் பகுதி அவர் புக்கன்வால்ட் முகாமில் இறந்த (1945) பிறகு, 1950இல் வெளியான நூலில் இருக்கிறது. கல்லை நகர்த்தலாம், கல்லோடு மனிதர்களுக்கு உள்ள உறவை அவ்வளவு எளிதில் நகர்த்த முடியாது என்கிற வாதம். இதை நாவலுக்கு எதிராக நிறுத்தி உரசுங்கள். இடிப்பவர்கள் கல்லோடு குழுவையும் சேர்த்தே காலி செய்துவிட்டால்? அப்போது நினைக்க யார் மிச்சம்? 'புளியமரத்தின் கதை'யில் ஆசானின் இடத்தில் நின்று இதைக் கேட்கலாம். ஒரே பத்தி போதும். முதல் இரண்டு பக்கத்தைக் கோட்பாட்டுக்குக் கொடுத்தால் நாவல் அதற்கு உதாரணமாகச் சுருங்கிப்போகும்.

---

அடிக்குறிப்பு

முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூன்று நூல், 4,000 சொல் என்றால் நூலுக்கு இரண்டு இடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். தேர்ந்தெடுக்கும் விதி: அந்த இடம் நூலில் குறைந்தது மூன்று முறை, வெவ்வேறு காலத்தில் வர வேண்டும். ஒரே முறை வருகிற இடத்தில் மாற்றத்தைக் காட்ட முடியாது. நீங்களே கற்பனையால் நிரப்புவீர்கள். கால்வினோவுக்கு இந்த விதி ஓடாது, அங்கே ஒவ்வொரு நகரமும் ஒரே முறைதான். அதற்கு மேலே சொன்ன ஸோரா, மௌரிலியா சோடி.

குறித்துக்கொள்ள ஒரு தாளில் ஆறு கட்டம்: பக்கம், கதைக்குள் காலம், பார்ப்பவர், வினை வகை, எந்தப் புலன், என்ன மிச்சம் இருக்கிறது. கடைசிக் கட்டத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். என்ன போனது என்பதை எல்லோரும் எழுதுவார்கள். என்ன நின்றது என்பதில்தான் ஆசிரியர்கள் வேறுபடுவார்கள். புலன் கட்டத்தில் கண் மட்டுமே திரும்பத் திரும்ப வந்தால் பத்தியை மறுபடி படியுங்கள். நாற்றமும் ஓசையும் தப்பியிருக்கும். குளத்துக் கதையே நாற்றத்தில் தொடங்குகிறது.

நகரத் திட்ட வல்லுநர் கெவின் லிஞ்ச் 1960இல் நகரத்தைப் பாதை, விளிம்பு, வட்டாரம், சந்தி, அடையாளச் சின்னம் என்று ஐந்தாகப் பிரித்தார். நகரத் திட்டத்துக்கான நூல், ஆனாலும் நாவலுக்கு நன்றாகவே உதவுகிறது. போனது எந்த வகை என்று கேளுங்கள். அடையாளச் சின்னம் போனால் பாத்திரங்கள் வருந்துவார்கள், வழி தடுமாறுவார்கள். பாதையோ சந்தியோ போனால் அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கிற வாய்ப்பே போய்விடும், கதைப்பின்னல் திசை மாறும். புளியமரம் ஒரே நேரத்தில் சின்னமும் சந்தியும். அதனால்தான் ஒரு மரம் ஒரு நாவலைத் தாங்குகிறது. எக்கிள்ஸ் தெரு 7 இந்த ஐந்தில் எதுவுமில்லை, சாதாரண வீடு. அது சின்னமானது நாவல் வந்த பிறகு.

சொல் கணக்கு: புளியமரத்துக்கு 1,600, யுலிசிஸுக்கு 1,100, கால்வினோவுக்கு 700, மீதியில் முன்னுரையும் ஆல்ப்வாக்ஸும். சமமாகப் பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. தமிழ் இதழுக்கு எழுதுகிறீர்கள், வினைமுற்றுச் சோதனையும் அந்த நூலில்தான் முழுதாகச் செய்ய முடியும். பெரெக்கை நான்காவது நூலாக நுழைக்க வேண்டாம், யுலிசிஸ் பகுதியில் முகவரி எண்ணைப் பற்றிப் பேசும்போது இரண்டு வாக்கியத்தில் தொட்டுவிட்டுப் போங்கள். புளியமரத்தின் கதை பல பதிப்பு கண்ட நூல், பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். மேற்கோளுக்குப் பக்க எண்ணோடு அத்தியாய எண்ணையும் போட்டுவிடுங்கள், வேறு பதிப்பு வைத்திருப்பவர்கள் தேடிக்கொள்வார்கள்.